இருட்டிலும் எடுக்கும் லென்ஸ்

என் வீட்டுக்காரருக்கு ஒரு பொருள் மேல் ஆசை வந்துவிட்டால் அதை நேராகச் சொல்ல மாட்டார். முதலில் வீட்டில் இருக்கும் பழைய பொருளைக் குறை சொல்ல ஆரம்பிப்பார். மிக்ஸி மாற்றியதும் அப்படித்தான், வண்டி மாற்றியதும் அப்படித்தான். போன வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு கேமரா லென்ஸை வைய ஆரம்பித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

"ஆறு மணி ஆயிட்டா இது குருடு. நல்லா வர்ற நேரத்துல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது" என்றார், லென்ஸைத் துடைத்துக்கொண்டே. நான் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் விலை பேச ஆரம்பித்துவிடுவார்.

நல்லா வர்ற நேரம் என்று அவர் சொன்னது யானை வருகிற நேரத்தை.

அவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, கேமராப் பையை மாட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி செண்பகத்தோப்புப் பக்கம் கிளம்பிவிடுவார். மலையடிவாரத்தில் அவருடைய மில் சிநேகிதர் ஒருவருக்கு மாந்தோப்பு இருக்கிறது. காட்டுக்குள் போக வனத்துறை விடாது. தோப்பு பட்டா நிலம், அங்கே நிற்பதை யாரும் கேட்க முடியாது. கிளைக்குக் கிளை தாவும் பெரிய சாம்பல் அணிலைப் படம் எடுக்கத்தான் முதலில் போனார். அப்புறம் காட்டுமாடு, அப்புறம் யானை என்று முன்னேறினார். முன்னேறினேன் என்பது அவருடைய வார்த்தை. நான் அதற்கு வேறு வார்த்தை வைத்திருந்தேன்.

யானையை நினைத்து எனக்கு இருந்தது பாதிப் பயம்தான். மீதிப் பயம் அவருடைய காதை நினைத்து. கல்யாணத்துக்கு முன்னால் நானும் மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் வேலை பார்த்தவள். மெஷின் ஓடும்போது அங்கே யாரும் தொண்டையால் பேசுவதில்லை. உதட்டை அசைத்தால் எதிரில் இருப்பவர் வாசித்துக்கொள்வார். இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்கே வைத்தால் மெஷினை நிறுத்து என்று அர்த்தம். அந்த இரைச்சலில் காலமெல்லாம் நின்றவர் காது எப்படி இருக்கும்? வலது காது கொஞ்சம் மந்தம் என்று மட்டும் ஒத்துக்கொள்வார். அதற்கு மேல் கேட்டால், "மில்லுக்காரனுக்கு எவனுக்குத்தான் காது நல்லா கேக்கு?" என்று பேச்சை முடித்துவிடுவார்.

ஆனால் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டு விழுந்து உருண்டால்கூட அவர் திரும்புவதில்லை. மலையடிவாரத்தில் யானை வருகிற செய்தியைக் கண் சொல்வதற்கு முன்னால் காதுதான் சொல்லும். கிளை முறிகிற சத்தம், அதுதான் முதல் தகவல். அந்தத் தகவல் கிடைக்காத ஒரு மனிதர் தினமும் இருட்டுகிற நேரத்தில் அங்கே போய் நிற்கிறார். ஆகவே லென்ஸ் பேச்சு வந்தபோது எனக்கு இருந்தது ஒரே கேள்வி. இது இவரை யானையை விட்டுத் தள்ளி நிறுத்துமா, இல்லை யானைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துமா?

தள்ளித்தான் நிறுத்தும் என்று சாதித்தார் அவர். "பக்கத்துல போகவே வேண்டாம் ஏட்டி. தோப்பு மோட்டார் ரூம் வாசல்ல நின்னே எடுத்துரலாம். அம்புட்டுத் தூரத்துக்கு வரும். இருட்டிலயும் எடுக்கும்." போனில் படங்களைக் காட்டினார். யாரோ எங்கேயோ எடுத்தவை. பொழுது சாய்ந்தபிறகு எடுத்த யானை, தும்பிக்கையில் ஒட்டிய மண்கூடத் தெரிந்தது. மனசைத் தொட்டுச் சொல்கிறேன், நான் பாதி இளகிவிட்டேன். போக வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. போவதுதான் என்றால் தூரத்தில் நிற்கட்டுமே.

ஆலங்குளம் பக்கம் ஒருவர் அந்த லென்ஸை விற்பதாகக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அலமாரியைத் திறந்து, துண்டில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து என் கையில் கொடுத்தார். உரிக்காத தேங்காய் இரண்டைப் பையில் போட்டுத் தூக்குகிற கனம். முன்பக்கக் கண்ணாடி சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம்தான் சிறியது. அதற்குள் பார்த்தால் என் முகம் தலைகீழாக, சின்னதாக, ஆழத்தில் கிடந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரரோ அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டவர் கீழே வைக்கவே இல்லை.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். "முதுகு தாங்கலம்மா" என்றார் அவர்.

அவருடைய மனைவி அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். நான் உதவிக்குப் போனேன். கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு அந்த அம்மா சொன்னார்: "முதுகும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் விக்கச் சொல்லி நின்னேன். முன்னெல்லாம் வெளிச்சம் போச்சுன்னா எந்திரிச்சு வீட்டுக்கு வந்துருவாவ. இது வந்த பொறவு இருட்டுமுன்ன வந்ததே இல்ல தாயி. இதுக்குத்தான் வெளிச்சமே வேண்டாமே."

தூரத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த நான் நேரத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. பழைய லென்ஸ் ஆறு மணிக்குக் குருடாகிவிடும், அதனால் அவர் எழுந்து வந்துவிடுவார். இதுவரைக்கும் அவரை வீட்டுக்கு அனுப்பி வைத்தது நானும் இல்லை, அவருடைய புத்தியும் இல்லை. அந்த மட்டமான லென்ஸ்தான்.

இதை வழியில் சொன்னேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்து, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு, மடியில் அந்தக் கனத்தை வைத்துக்கொண்டு சொன்னேன். பதிலே இல்லை. கோபத்தில் வாயை மூடிக்கொண்டு வருகிறார் என்று நினைத்தேன். விற்கிறவர் தாராளமான மனிதர். "ஒரு சாயங்காலம் எடுத்துப் பாருங்க, பிடிச்சா பொறவு பேசுவோம்" என்று லென்ஸைக் கொடுத்தே அனுப்பியிருந்தார். சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன அந்த ரோட்டில் நான் லென்ஸைச் சேலை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் நானும் வருவேன் என்று அடம்பிடித்து அவரோடு கிளம்பினேன். தோப்புக்காரச் சிநேகிதர் எங்களைக் கேட்டிலேயே நிறுத்தினார்.

"மதினி, பக்கத்துத் தோப்புல நேத்திருந்து யானைக் கூட்டம் நிக்குது. குட்டி வேற இருக்கு. அந்தத் தோப்புக்காரன் இன்னைக்கு வெடி போட்டு விரட்டுவான். விரட்டுனா இந்தப் பக்கம்தான் வரும். போடுறதுக்கு முன்ன கூவுவான். கூவல் கேட்டா மறுபேச்சு இல்லாம மோட்டார் ரூமுக்குள்ள போயிருங்க."

அங்கே கூவுவது ஒரு மரியாதை. ஒவ்வொரு தோப்புக்காரரும் யானையை அடுத்தவர் தோப்புக்குத்தான் விரட்டுகிறார், வேறு வழி இல்லை. சிவகாசி பக்கத்திலேயே இருக்கும்போது வெடிக்கும் பஞ்சம் இல்லை. யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் கூவாமல் வெடி போட்டால் பேச்சுவார்த்தையே அற்றுப்போகும். நீளமாக ஒரு கூவல், கொஞ்சம் அவகாசம், அப்புறம்தான் வெடி. சிநேகிதர் இதைச் சொல்லும்போது என் வீட்டுக்காரர் குனிந்து கேமரா முக்காலியை வண்டியிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "சரி, சரி" என்று தலையாட்டினார்.

மோட்டார் ரூம் வாசலில் முக்காலியை வைத்து லென்ஸை மாட்டினார். ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு மாங்கிளை மறைக்கிறது என்றார். "செத்த நேரம் அந்த வரப்புக்குப் போயிட்டு வந்துருதேன்." தோப்பின் மேல் ஓரத்து வரப்புக்கு, காட்டைப் பார்த்தபடி, போயே போய்விட்டார். தள்ளி நிற்பதற்காக வாங்கப்போகிற லென்ஸ் முதல் சாயங்காலமே அவரை முன்னால் கூட்டிக்கொண்டு போனது. ஒரு மாங்கிளை போதுமாக இருந்தது அதற்கு.

நான் மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலை கறுத்துக்கொண்டு வந்தது. பழைய லென்ஸாக இருந்தால் அவர் ஒரு படம் எடுப்பார், கேமராவை இறக்குவார், நாலு பக்கமும் பார்ப்பார், மறுபடியும் எடுப்பார். காது மந்தமான மனிதருக்கு அந்த நாலு பக்கப் பார்வைதான் காவல். இந்த லென்ஸை இறக்க முடியாது, முக்காலியில் நிற்கிறது. இருட்டுகிறது என்று அதற்குள் பார்த்தால் தெரியாது, உள்ளே இன்னும் பகல். அவர் ஒரு கண்ணை மூடி, மறுகண்ணை அந்தக் குழாய்க்குள் விட்டவர் எடுக்கவே இல்லை. இருந்த ஒரே காவலையும் அந்தப் பொருள் வாங்கிக்கொண்டுவிட்டது.

மயில்கள் அகவிக்கொண்டிருந்தன. திடீரென்று அவையும் நின்றுபோயின. காற்றில் ஈரச் சாணி வாடை வந்தது. அப்போதுதான் பக்கத்துத் தோப்பிலிருந்து கூவல் கேட்டது, நீளமாக.

"ஏங்க!" என்று கத்தினேன். அவர் அசையவில்லை. எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்கே வைத்துக்கொண்டு குதித்தேன். மில்லில் அதைப் பார்த்தால் தூக்கத்தில்கூட நிறுத்திவிடுவார். அவருடைய கண் லென்ஸுக்குள் இருந்தது. ஓடினேன். சருகுகளை மிதித்துக்கொண்டு, குறுக்கே கிடந்த வாய்க்காலைத் தாண்டி, இடறிக்கொண்டு, அவர் தோளைத் தொட்டபோது ஆள் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். நான் கையைக் காட்டிய திசையில் முதல் வெடி வெடித்தது.

அவர் முக்காலியோடு லென்ஸைத் தோளில் சாய்த்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஓடினார். ஆலங்குளத்துக்காரருடைய பொருள், போட்டுவிட்டு ஓட முடியாதுதான். ஆனால் இரண்டு கையும் அதற்கே போய்விட்டது. பின்னால் ஓடிய நான் வாய்க்காலைத் தாண்டும்போது கால் பிசகி உள்ளே விழுந்தேன். "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டேன். அந்த முதுகு ஓடிக்கொண்டே இருந்தது. ஒருமுறைகூடத் திரும்பவில்லை. எனக்கு அப்போது வந்தது பயம் இல்லை, கோபம். இத்தனை வருஷம் இந்த முதுகுக்கா சோறு போட்டேன் என்று நினைத்தேன்.

எழுந்திருக்கப் பார்த்தேன், கணுக்கால் விடவில்லை. அதற்குள் அவை வந்துவிட்டன. சத்தமே இல்லாமல் வந்தன. அத்தனை பெரிய உடம்பு, சருகு மிதிபடுகிற சத்தம் மட்டும்தான். பெரிய யானைகள் சில வரப்பைத் தாண்டிக் காட்டுப் பக்கம் போய்விட்டன. குட்டியோடு வந்த தாய் மட்டும், சற்று முன் அவர் முக்காலி நின்ற இடத்தில் நின்றது. தும்பிக்கையால் அந்த மண்ணைத் தடவித் தடவி மோந்து பார்த்தது. அவர் நின்றிருந்த மண். நான் வாய்க்கால் சேற்றில் நெஞ்சு படக் கிடந்தேன். அது காதை அசைக்கும்போது வருகிற காற்று என் மேல் பட்டதோ, பட்டது மாதிரி நானே நினைத்துக்கொண்டேனோ, இன்றைக்கும் தெரியவில்லை.

மெல்லத் தலையைத் திருப்பி மோட்டார் ரூமைப் பார்த்தேன். அவர் வாசலில் லென்ஸோடு நின்றுகொண்டு என்னைத் தேடினார். நான் கிடப்பதைக் கண்டுபிடித்து ஓர் அடி எடுத்து வைத்தார். வந்தால் தாயும் குட்டியும் நேர் எதிரே. கத்த முடியாது, கையைத் தூக்க முடியாது. வேறு என்ன செய்வது என்று தெரியாமல், மில்லில் பேசுகிற மாதிரி, சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தேன். வராதீங்க. அங்கயே நில்லுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. அத்தனை தூரத்தில், அந்த இருட்டில், என் முகமே அவருக்கு ஒரு வெளுத்த புள்ளியாகத்தான் தெரியும். அது எனக்கும் தெரியும்.

அவர் நின்றார். முக்காலியை ஊன்றி, குனிந்து, அந்தப் பெரிய கண்ணாடியை நேராக என் மேல் திருப்பினார்.

படம் எடுக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தார், ஓர் அடி பின்வாங்கினார், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். வரவில்லை. வராதே என்று சொன்னது நான்தான். அதை அவர் பார்த்திருக்க முடியாது என்று நினைத்ததால், வராமல் நின்ற அந்த நிலை என்னைக் கொன்றுவிட்டது.

இன்னொரு வெடி வெடித்தது. தாய் குட்டியைத் தள்ளிக்கொண்டு காட்டுப் பக்கம் இறங்கிப் போனது. சிநேகிதரும் அவரும் டார்ச்சோடு ஓடி வந்து என்னைத் தூக்கி மோட்டார் ரூமில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். சிநேகிதர் வண்டியை எடுத்துவரப் போனார். என் வீட்டுக்காரர் என் காலைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். நான் கேமராவை எடுத்துப் படங்களைப் பார்த்தேன். ஒரு யானைகூட உருப்படியாக விழவில்லை. கடைசியில் வரிசையாக என் முகம். கன்னத்துச் சேறு, ஒட்டிய புல், கீழுதட்டில் பல் பட்ட காயம், எல்லாம் பட்டப்பகலில் எடுத்தது மாதிரி. லென்ஸைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"பொண்டாட்டி சாகப்போற நேரத்துல போட்டோவா?" என்றேன்.

காலைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. மோவாயைப் பிடித்து நிமிர்த்தி மறுபடியும் கேட்டேன். அவர் என் கையிலிருந்து கேமராவை வாங்கி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். என் வாய் அசைந்தது. வ, ரா, தீ.

"நீ என்ன சொல்லுதன்னு உறுதியாத் தெரியல. எடுத்து வச்சு ரெண்டு தரம் வாசிச்சேன். வராதீங்கன்னுதான் சொல்லுத. அதான் நின்னேன்." கேமராவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "எம்புட்டுச் சத்தம் போட்டுச் சொல்லியிருப்ப. யானைக்குக் கேட்டுருமேன்னு பயந்து போனேன்."

"நான் சத்தமே போடலைங்க."

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். மகள் கல்யாணத்துக்கு முன்னாலேயே என்றார். தனியாக மதுரைக்குப் போய்க் காதைக் காட்டியிருக்கிறார். நரம்பு போய்விட்டது, மெஷின் வைத்தாலும் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மந்தம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது சுத்தமான செவிடு. அடுப்படியிலிருந்து நான் கூப்பிட்டதும், வண்டியில் பின்னால் உட்கார்ந்து சண்டை போட்டதும், வாய்க்காலில் கிடந்து ஏங்க, ஏங்க என்றதும் அவருக்கு எட்டவே இல்லை. என் குரல் அவருக்கு எப்போதோ முடிந்துபோயிருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் அவரோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். அந்த மோட்டார் ரூமில் நான் வாய்விட்டு அழுதேன், அதையும் அவர் பார்க்க மட்டும்தான் செய்தார்.

காலையில் அவர் லென்ஸைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தார். "கொடுத்துட்டு வந்துருதேன். இனி அந்தப் பக்கமே போகல" என்றார். நான் ஜெயித்துவிட்டேன். என் கேள்விக்குப் பதிலும் கிடைத்துவிட்டது. அந்தப் பொருள் அவரை யானைக்கு முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்தும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இன்றைக்கும் இல்லை. ஆனால் அந்த இருட்டில் என் உதட்டை அவர் வாசித்ததும் அதே பொருளால்தான்.

அவர் வண்டியைக் கிளப்பினார். நான் கட்டுப்போட்ட காலோடு வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டியின் பக்கக் கண்ணாடியில் அவர் என்னைப் பார்ப்பது தெரிந்தது. குரலை எடுக்காமல் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன். "விலை பேசி முடிச்சு, வாங்கிட்டே வாங்க. ஆனா எங்க போனாலும் நானும் வருவேன்."

கண்ணாடிக்குள் அவர் தலை அசைந்தது.